கலாக்சியா: கிடைத்ததைக் கொண்டு கட்டிய தாய்ப்பலகை

கணினியை உதிரியாக வாங்கிப் பொருத்திக்கொள்ள முயன்றவர்கள் அனைவரும் ஒரு சங்கடத்தை அறிவர். கடைத்தெருவில் மதர்போர்டு என்றும் கட்டுரைகளில் தாய்ப்பலகை என்றும் வழங்கும் அந்தப் பலகையை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும், அதற்குப் பொருந்தும் நுண்செயலியையும் நினைவகத்தையும் பிறகு தேட வேண்டும் என்பது கையேடுகள் சொல்லும் முறை. பெருநகரத்தை விட்டு விலகிய ஊர்களில் நடப்பது நேர்மாறு. கடைக்காரரின் அலமாரியில் இருப்பவை இரண்டு அல்லது மூன்று பலகைகள். நாம் நாள்கணக்கில் படித்து முடிவு செய்து வைத்திருந்த பலகை அவற்றில் இராது. இருப்பதற்கு ஏற்ப நம் தேவைகளைத் திருத்திக்கொண்டு வீடு திரும்புகிறோம். தேர்வு என்று நாம் நினைத்துக்கொள்வது, இறக்குமதி செய்தவரும் மொத்த வியாபாரியும் முன்பே செய்து முடித்த தேர்வுகளின் மிச்சம்தான்.

தேர்வுகள் குறுகிய இடத்தில் நல்ல தேர்வு என்று எதைச் சொல்வது? இக்கேள்விக்கு மிகத் தீவிரமான விடை ஒன்றைக் கணினி வரலாற்றில் தேடினால், நாம் சென்று சேரும் இடம் 1983-ஆம் ஆண்டின் யுகோஸ்லாவியா. அங்கே அலமாரியில் இரண்டு பலகைகள்கூட இல்லை. அந்த வெறுமையிலிருந்து ஒரு தாய்ப்பலகை பிறந்தது. அதை மக்களிடம் கொண்டு சேர்த்தது ஒரு தொழிற்சாலையன்று, ஒரு மாத இதழ் என்பதுதான் இலக்கிய இதழ்களோடு வாழும் நம்மை அக்கதையின்பால் கூடுதலாக ஈர்க்கிறது.

*

யுகோஸ்லாவியா சோசலிச நாடு, ஆனால் சோவியத் முகாமைச் சேர்ந்ததன்று. அதன் குடிமக்கள் கடவுச்சீட்டோடு மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்று வரலாம். இலட்சக்கணக்கானோர் மேற்கு ஜெர்மனியில் வேலை செய்து பணம் அனுப்பினர். 1980 மே மாதத்தில் டிட்டோ மறைந்தபோது, எழுபதுகளில் தாராளமாக வாங்கிய வெளிநாட்டுக் கடன்கள் திரும்பக் கேட்கப்படும் காலம் தொடங்கியிருந்தது. கடன் சுமார் 2000 கோடி டாலரை எட்டியிருந்தது. 1982-இல் பிரதமரான மில்கா பிளானின்ட்ஸ் கடும் சிக்கனத்தை நடைமுறைப்படுத்தினார். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. காப்பிக்கொட்டையும் சலவைத்தூளும் கடைகளில் அரிதாயின. எல்லை தாண்டிப் பயணம் செய்ய விரும்புவோர் முன்பணம் கட்டிவிட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி 1982 அக்டோபரில் வந்தது. டிரியஸ்ட் நகருக்குப் போய்க் காப்பியும் ஜீன்ஸும் வாங்கி வந்த மக்களின் பைகள் எல்லையில் திறந்து பார்க்கப்பட்டன.

அந்நியச் செலாவணியைக் காப்பதற்கான இவ்விதிகளுள் ஒன்று, தனி மனிதர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பொருளின் மதிப்பை 50 ஜெர்மன் மார்க்குக்குள் நிறுத்தியது. அதே ஆண்டுகளில்தான் மேற்கே வீட்டுக் கணினிகளின் அலை எழுந்தது. பிரிட்டனில் 1982 ஏப்ரலில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம், மலிவுக்குப் பெயர்பெற்றது. அதன் மிகக் குறைந்த விலையே 125 பவுண்டு. அமெரிக்காவின் கொமடோர் 64, அதே ஆண்டில் 595 டாலருக்கு வந்தது. இரண்டுமே அந்த 50 மார்க் கோட்டைப் பல மடங்கு தாண்டியவை. உள்நாட்டுத் தொழிற்சாலைகள் கணினிகள் செய்யாமல் இல்லை. ஆனால் அவை அலுவலகங்களையும் நிறுவனங்களையும் நோக்கிச் செய்யப்பட்டவை. ஒரு பள்ளி ஆசிரியரோ பொறியியல் மாணவரோ தம் சம்பளத்தில் எண்ணிப் பார்க்கக்கூடிய இயந்திரம் எதுவும் சட்டப்படி கிடைக்கவில்லை. உறவினரின் கார் இருக்கைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவரப்பட்டவை மட்டுமே சில வீடுகளில் இருந்தன.

ஆனால் அச்சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அது முழுப் பொருளின் விலையைத்தான் பார்த்தது. ஒரு நுண்செயலியின் விலை 50 மார்க்குக்குக் கீழே. ஒரு நினைவகச் சில்லின் விலையும் கீழே. கணினி நுழையக் கூடாது. கணினியாக மாறக்கூடிய எல்லாமும் தனித்தனியாக நுழையலாம்.

*

வோயா அந்தோனிச் அப்போது முப்பதைக் கடந்த மின்னணுப் பொறியாளர். 1983 கோடையில் மொண்டெனீக்ரோவின் கடலோர ஊரான ரிசானில் விடுமுறையைக் கழிக்கச் சென்றவர், கையோடு எடுத்துப்போன புத்தகம் ஆர்சிஏ நிறுவனத்தின் 1802 என்னும் நுண்செயலிக்கான பயன்பாட்டுக் கையேடு. விடுமுறைக்கு இத்தகைய புத்தகத்தை எடுத்துச் செல்பவர்களைப் பற்றி நாம் கேலியாகப் பேசலாம். ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அக்கையேட்டில் அவர் கண்டது ஒரு சிக்கன யோசனை. தொலைக்காட்சித் திரையில் எழுத்துகளைக் காட்ட, கணினிகளில் தனியொரு காட்சிச் சில்லு வைப்பது வழக்கம். விலை அதிகமான, கிடைப்பதற்கு அரிதான உறுப்புகளுள் ஒன்று அது. அதை வைக்காமல், நுண்செயலியின் உதவியைக் கொண்டே படத்தை உண்டாக்கும் வழி அக்கையேட்டில் விளக்கப்பட்டிருந்தது. இதே வேலையை எங்கும் கிடைக்கும் மலிவான இசட்-80ஏ நுண்செயலியைக் கொண்டு, இன்னும் குறைந்த சில்லுகளோடு செய்ய முடியுமா என்று அந்தோனிச் யோசித்தார். விடுமுறை முடிவதற்குள் காகிதத்தில் விடை உருவாகியிருந்தது. வீடு திரும்பிக் கட்டிப் பார்த்தார். வேலை செய்தது.

இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பலகையின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அக்காலத் தொலைக்காட்சி, வினாடிக்கு 50 முறை திரையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்தது. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி. அதற்குள் அக்கோட்டில் எந்தப் புள்ளி வெண்மை, எந்தப் புள்ளி கருமை என்ற செய்தி சரியான கணத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு கணம் பிந்தினாலும் படம் குலைந்துவிடும். வழக்கமான கணினிகளில் காட்சிச் சில்லு இவ்வேலையை இடைவிடாது செய்துகொண்டிருக்க, நுண்செயலி தன் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இசட்-80 நுண்செயலிக்குள் ஒரு சிறு எண்ணி உண்டு. மலிவான ஒரு வகை நினைவகச் சில்லுகள், அவ்வப்போது தொட்டு நினைவூட்டாவிட்டால் தம்மிடம் உள்ளதை மறந்துவிடும். அவற்றை நினைவூட்டுவதற்காக, நுண்செயலி ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துக்கொண்ட பிறகு வரிசையாக ஒரு முகவரியை வெளியே விடும். உடனே எண்ணியில் ஒன்று கூடும். அந்தோனிச் தம் பலகையில் வைத்த நினைவகமோ மறக்காத வகை. அதற்கு நினைவூட்டல் தேவையில்லை. ஆக, தேவையற்றுப் போன எண்ணி ஒன்று இலவசமாகக் கையில் இருந்தது. அந்த எண்ணி வரிசையாக விடும் முகவரிகளையே திரையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் விரலாக அவர் பயன்படுத்தினார். நுண்செயலி மிகச் சிறிய கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிச் செல்ல, ஒவ்வொரு கட்டளையின்போதும் ஓர் எழுத்து திரைக்குப் போனது. 32 கட்டளைகள், 32 எழுத்துகள், ஒரு கோடு முடிந்தது. இப்படி வரிக்கு 32 எழுத்தாக 16 வரிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை கிடைத்தது.

இச்சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. நுண்செயலி தன் நேரத்தின் பெரும் பகுதியைத் திரை வரைவதிலேயே செலவிட்டது. எஞ்சிய நேரத்தில்தான் கணக்கு. வேகம் வேண்டுமென்றால் திரையை அணைத்துவிட்டுக் கணக்கிடச் சொல்லி, முடிந்தபின் திரையை ஏற்றிப் பார்க்கலாம். வாங்க முடியாத ஒரு சில்லின் வேலையை இருக்கும் சில்லின் தலையில் ஏற்றினால் இருக்கும் சில்லு மூச்சு வாங்கும். அந்தோனிச் இதை அறிந்தே செய்தார். வேகம் குறைந்த கணினி, கிடைக்காத கணினியை விட மேலானது என்பது அவருடைய கணக்கு.

*

நுண்செயலியைக் கொண்டே திரையை வரையும் உத்தி உலகுக்குப் புதிதன்று. பிரிட்டனில் சிங்க்ளேர் 1980-இல் வெளியிட்ட இசட்எக்ஸ்-80 இதே வகையில்தான் இயங்கியது. ஆனால் அடுத்த அடியை இருவரும் எடுத்து வைத்த திசைகள் வேறு. சிங்க்ளேர் நிறுவனம் 1981-இல் இசட்எக்ஸ்-81ஐக் கொண்டுவந்தபோது, பலகையில் பரவிக் கிடந்த பல சாதாரணச் சில்லுகளின் வேலையைத் தனக்கென்றே செய்வித்த ஒற்றைச் சில்லுக்குள் அடக்கியது. ஃபெராண்டி நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. விலை 70 பவுண்டுக்கு இறங்கியது. இலட்சக்கணக்கில் விற்கப்போகும் தொழிற்சாலைக்கு அதுவே சரியான சிக்கனம்.

பெல்கிரேடில் அது சிக்கனமாகாது. ஒரே ஒரு தொழிற்சாலை, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்யும் சில்லு, கடையில் கிடைக்காது. அது பழுதானால் பலகை முழுவதும் குப்பை. அந்தோனிச்சின் பலகையில் இருந்தவை எல்லாம் எந்த நாட்டின் மின்னணுக் கடையிலும் பெட்டியில் கொட்டி வைத்து விற்கப்படும் பொதுச் சில்லுகள். ஒரு நிறுவனத்தினுடையது கிடைக்காவிட்டால் இன்னொரு நிறுவனத்தினுடையது பொருந்தும்.

பலகையின் உடலிலும் இதே எண்ணம் தெரிகிறது. செப்புத் தடங்களைப் பலகையின் இருபுறமும் பதித்தால் இடம் மிச்சமாகும். ஆனால் இருபுறத் தடங்களை ஒன்றோடொன்று பிசகாமல் பொருத்துவது வீட்டில் செய்கிறவருக்குக் கடினம். ஆகவே அந்தோனிச் ஒருபுறத் தடத்தோடு நிறுத்திக்கொண்டார். தடங்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டிய இடங்களில் சிறு கம்பித்துண்டுகளைப் பாலமாக வைத்து ஈயப்பற்று வைக்கச் சொன்னார். பார்வைக்கு அது நேர்த்தியற்றது. சமையலறை மேசையில் செய்யத்தக்கது. கணினியின் பெட்டிக்கும் தனி அச்சு எதுவும் வைக்கவில்லை. செப்பு பூசிய அதே பலகைத் தகட்டையே வெட்டி, விளிம்புகளை ஈயத்தால் ஒட்டிப் பெட்டியாக்கிக்கொள்ளலாம். சால்டரிங் அயர்ன் ஒன்று கையில் இருந்தால் கணினியும் வரும், அதன் கூடும் வரும்.

*

இப்பலகை ஒருவரின் மேசையிலேயே கிடந்திருந்தால் நாம் இன்று எழுதுவதற்கு எதுவும் இராது. அந்தோனிச் வரைபடத்தை ஒரு கைவினை இதழில் வெளியிடலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வேளையில் நண்பர் ஒருவர் வழியாகத் தேயான் ரிஸ்தானோவிச்சின் அறிமுகம் கிடைத்தது. இருபது வயதேயான நிரலாளர். 'கலாக்சியா' என்ற இதழில் கணினி பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். விண்மீன் மண்டலம் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அவ்விதழ் 1972 முதல் பெல்கிரேடிலிருந்து வந்துகொண்டிருந்த வெகுசன அறிவியல் ஏடு. அதன் ஆசிரியர் யோவா ரேகாசெக், கணினிக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தார்.

'உங்கள் வீட்டில் கணினிகள்' என்ற பொருள்படும் தலைப்போடு அச்சிறப்பிதழ் 1984 சனவரியில் வந்தது. முழு மின்சுற்று வரைபடமும், பலகையின் தடவமைப்பும், கட்டுவதற்கான வழிமுறையும் அதில் அச்சாகியிருந்தன. இதழின் பெயரையே கணினிக்கும் இட்டனர். எத்தனை பேர் உண்மையிலேயே கட்டுவார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, ஆயிரம் என்பதே துணிச்சலான கணிப்பாக இருந்தது. தாங்கள் கட்டி முடித்ததாக எழுதியவர்களின் எண்ணிக்கை 8000-ஐத் தாண்டியது. சிறப்பிதழ் மறுபடி மறுபடி அச்சிடப்பட்டது.

வரைபடத்தை அச்சிட்டதோடு இதழ் கைகழுவிவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வுகள் இல்லாத நாட்டில் வரைபடம் மட்டும் கணினியாகிவிடாது. உறுப்புகளுக்கு வழி வேண்டும். ஆசிரியர் குழு அதை ஏற்பாடு செய்தது. அச்சிட்ட பலகையும் விசைப்பலகையும் இஸ்திரியாப் பகுதியின் புயே என்னும் சிற்றூர் நிறுவனத்திடமிருந்து வந்தன. சில்லுகள் எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் கடையிலிருந்து அஞ்சலில் வந்தன. கணினியின் உயிரான நிரலை வெற்று நினைவகச் சில்லுகளில் பதித்துத் தரும் பொறுப்பு அந்தோனிச்சைச் சேர்ந்தது. வரைபடத்துக்கு அவர் உரிமத்தொகை எதுவும் கேட்கவில்லை. விரும்பியவர் கட்டலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம்.

சிற்றிதழ் நடத்துவோருக்கும் படிப்போருக்கும் இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. சந்தாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு, அஞ்சலக வரிசையில் நின்று, ஒரு ஊரில் அச்சடித்து இன்னொரு ஊரில் கட்டி, வாசகரின் கடிதத்துக்குக் கையால் பதில் எழுதும் உழைப்பை நாம் அறிவோம். பெல்கிரேட் குழு அதே உழைப்பைச் சில்லுகளுக்கும் செப்புத் தகடுகளுக்கும் செய்தது.

*

கட்டி முடித்த கணினிக்கு அடுத்த தேவை நிரல்கள். கலாக்சியா தன் நிரல்களைச் சாதாரண ஒலிநாடாவில் சேமித்தது. நிரல், நாடாவில் கீச்சொலியாகப் பதிவாகும். திரும்ப ஒலிக்கவிட்டால் கணினி அதைக் கேட்டு நிரலாக்கிக்கொள்ளும். ஒலியாகப் பதியக்கூடியதை வானொலியில் ஒலிபரப்பவும் முடியும் அல்லவா? பெல்கிரேட் வானொலியின் 202-ஆம் அலைவரிசையில் 'வென்டிலேட்டர் 202' என்ற நிகழ்ச்சியை நடத்திய ஸோரான் மோட்லி, இசைத்தட்டுகளுக்கு இடையே நிரல்களை ஒலிபரப்பினார். விமானியாகவும் பணிபுரிந்தவர் அவர். அறிவிப்பு வந்ததும் நேயர்கள் நாடாப் பதிவியின் பொத்தானை அழுத்திக் காத்திருந்தனர். சில நிமிடங்கள் காதைக் குடையும் கீச்சொலி. கணினி வைத்திராத நேயர்கள் அந்நிமிடங்களை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. பிறகு கணினியோடு இணைத்து நாடாவை ஓட்டினால், திரையில் ஒரு விளையாட்டோ பயிற்சி நிரலோ எழுந்து வந்தது. பிற்பாடு ஸ்பெக்ட்ரம், கொமடோர் கணினிகளுக்கான நிரல்களும் அதே வழியில் பரவின.

கலாக்சியாவுக்குள் இருந்த பேசிக் மொழிபெயர்ப்பியின் வரலாறும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சேர்ந்ததே. மொத்தம் 4 கிலோபைட் இடத்தில் அது அடங்க வேண்டும். அமெரிக்காவின் டிஆர்எஸ்-80 கணினியில் இருந்த முதல்நிலை பேசிக்கை எடுத்து, வெட்டிக் குறுக்கி, திரை வரையும் கட்டளைகளுக்கும் இடம் பண்ணினார் அந்தோனிச். அந்த அமெரிக்க பேசிக்கின் மூலமோ, லி-சென் வாங் என்பவர் 1976-இல் எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று குறும்பான ஒரு வாசகத்தோடு இதழில் அச்சிட்டுத் தந்த சிறு பேசிக். அதில் பிழைச் செய்திகள் மூன்றே மூன்று: 'என்ன?', 'எப்படி?', 'மன்னிக்கவும்'. சொன்னது புரியாவிட்டால் முதலாவது. புரிந்தும் செய்ய இயலாவிட்டால் இரண்டாவது. நினைவகம் தீர்ந்துவிட்டால் மூன்றாவது. கலிபோர்னியாவில் பிறந்த இம்மூன்று சொற்களும் அதே ஆங்கிலத்தில் பெல்கிரேட், சாக்ரெப், சரயேவோ வீடுகளின் திரைகளில் தோன்றின. இலவசமாகத் தரப்பட்ட ஒன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு கண்டத்தில் மீண்டும் இலவசமாகத் தரப்பட்டது.

*

இக்கதையைச் சொல்லும்போது ஒரு சறுக்கல் நேர்வதுண்டு. பற்றாக்குறைதான் படைப்பாற்றலின் தாய் என்று முடித்துவிடுவது. வறுமையைப் பற்றிப் பிறர் எழுதும் கட்டுரைகளில் இம்முடிவை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பட்டினி கிடந்தால் கவிதை வரும் என்பதன் இன்னொரு வடிவம் இது. நமக்கு இதில் உடன்பாடு இல்லை.

50 மார்க் வரம்பு யுகோஸ்லாவியர் அனைவர் மீதும்தான் விழுந்தது. அவ்வரம்பு கணினியைத் தரவில்லை. கணினியைத் தந்தவை வேறு சில. மின்னணுவியல் கற்பித்த பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் இருந்தன. வெளிநாட்டு நிறுவனக் கையேடுகள் கைக்கு எட்டின. எல்லை முழுவதும் அடைபடவில்லை, அஞ்சல் இயங்கியது. நாடு முழுதும் சென்று சேரும் ஓர் இதழும், புதியதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த ஒரு வானொலி நிகழ்ச்சியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்காத ஒரு மனிதர் இருந்தார். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மிஞ்சியிருப்பது வெறும் தட்டுப்பாடுதான்.

இயன்றவர்கள் தொடர்ந்து ஸ்பெக்ட்ரத்தையும் கொமடோரையும் கடத்திக் கொண்டுவந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வண்ணத் திரையும் பல நூறு விளையாட்டுகளும் கொண்ட அவ்வியந்திரங்கள் சில ஆண்டுகளில் கலாக்சியாவைப் பின்னுக்குத் தள்ளின. பள்ளிகளுக்கென்று தொழிற்சாலையில் கலாக்சியாக்கள் செய்யப்பட்டன. வராஸ்தின் நகரில் மிரோஸ்லாவ் கோட்சியான் வடிவமைத்த 'ஒராவோ' என்ற வேறொரு கணினியும் 1984-இல் வந்தது. ஆயினும் மக்கள் தேர்வு செய்ய முடிந்தபோது வேறொன்றைத் தேர்ந்தனர். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் தேர்ந்தவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சியது. கடத்தி வந்த ஸ்பெக்ட்ரம் பழுதானால், அதன் தனிச்சில்லுக்கு மாற்றுத் தேடி மறுபடி எல்லை தாண்ட வேண்டும். கலாக்சியாவைக் கட்டியவருக்கு எந்தத் தடம் எங்கே போகிறது என்று தெரியும், ஏனெனில் ஒவ்வொரு பற்றையும் வைத்தவர் அவரே. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இங்கேதான் விடையின் ஒரு பகுதியேனும் இருக்கிறது. தேர்வுகள் குறுகிய இடத்தில் நல்ல பலகை, அதிகத் திறனுடையது அன்று. அதன் உறுப்புகள் வேறிடத்திலும் கிடைக்க வேண்டும். பழுதானால் திறந்து பார்க்க முடிய வேண்டும். அதைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் சுற்றிலும் இருக்க வேண்டும். மூன்றாவது கடையில் விற்கப்படுவதில்லை. 'கலாக்சியா' இதழ் வாசகர்களுக்கு உண்மையில் அளித்தது அந்த மூன்றாவதைத்தான்.

*

முடிவு மகிழ்ச்சியானதன்று. 1991 சூனில் ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் பிரிந்தன. தொடர்ந்து வந்த போர்களை நாம் அறிவோம். பலகை வந்த புயே குரோவேஷியாவில் இருந்தது. வரைபடம் வந்த பெல்கிரேட் செர்பியாவில் இருந்தது. யோசனை பிறந்த ரிசான் மொண்டெனீக்ரோவில் இருந்தது. ஒரே அஞ்சல் முத்திரையில் பயணம் செய்த உறுப்புகளுக்கு நடுவே எல்லைகள் எழுந்தன. பெல்கிரேடு மீது 1992 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் அவை தடை விதித்தது. அடுத்த ஆண்டில் பணவீக்கம் சம்பளத்தைக் கையில் வாங்கிய நாளிலேயே காகிதமாக்கியது. அப்போதைய பற்றாக்குறையிலிருந்து எவரும் கணினி செய்ததாக வரலாறு இல்லை. தட்டுப்பாடு முன்னதை விடக் கொடியது. ஆனால் ஒருவருக்கொருவர் பலகையும் சில்லும் அனுப்பிக்கொண்ட அந்த ஏற்பாடு இல்லாமற் போயிருந்தது.

1995-இல் அந்தோனிச் தம் வீட்டில் இடம் போதாமல், தம் கையால் கட்டிய ஐந்து கலாக்சியாக்களையும், முதல் மாதிரி உட்பட, அப்புறப்படுத்தினார். இவற்றை இனி யாரும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. வரைபடம் வெளியே போய்விட்டிருந்ததால், இணையம் பரவிய பிறகு ஆர்வலர்கள் அதைப் பார்த்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினர். முன்பு கட்டியவர்களின் பரண்களிலிருந்தும் சில இறங்கி வந்தன.

நம் ஊர்க் கடையின் அலமாரியில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று கேட்டு நமக்கு எழுதும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன், பக்கத்துத் தெருவில் இதே பலகையை வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். அவர் அதைத் திறந்து பார்த்தவராக இருந்தால், அதையே எடுங்கள்.